இடது பக்கத்துத் துளை

"மிதவையை மாட்டுறது உன் வேலை. மீட்டர் முள்ளு வைக்கிறதெல்லாம் உனக்கு ஏறுமாங்கிறது எனக்குச் சந்தேகந்தான்" என்றார் போர்மேன்.

சொன்னது என்னிடம். முள் வைக்கும் வேலையைக் கொடுத்தது என் பக்கத்தில் நின்றவளிடம். நாங்கள் இருவரும் ஒரே நாளில் அந்தப் படகுப் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். ஆறு மாதம் முடிந்ததும் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ஐந்து மாதம் ஓடிவிட்டது. யாரை வைப்பது என்று போர்மேன் எழுதும் அறிக்கைதான் முடிவு. இந்த வேலை முடிந்த கையோடு அதை எழுதப்போவதாக அவரே சொல்லியிருந்தார்.

பட்டறை குமுளிக்குக் கீழே ஏரிக்கரையில் இருந்தது. காடு பார்க்க வருகிறவர்களை ஏற்றிப்போக நான்கு படகுகள். தொட்டியில் டீசல் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க ஓட்டுநர்கள் பின் இருக்கையின் பலகையைத் தூக்கி, ஓர் ஈத்தை மூங்கில் குச்சியை உள்ளே விட்டு எடுப்பார்கள். குச்சியில் கத்தியால் போட்ட வெட்டுகள்தான் அளவு. இருக்கையில் ஆட்கள் உட்கார்ந்துவிட்டால் பலகையைத் தூக்க முடியாது. அதனால் எல்லாப் படகுக்கும் மீட்டர் வைப்பதென்று மேலே முடிவு செய்து, மீட்டர்களை ஒரு கம்பெனியிடமும் மிதவைகளை வேறொரு கம்பெனியிடமும் வாங்கி அனுப்பிவிட்டார்கள். இரண்டையும் இணைத்துப் பார்த்தால் மிதவை ஏற ஏற முள் இறங்கியது. தொட்டி நிறைந்திருந்தால் காலி என்று காட்டியது. கடிதம் எழுதி இரண்டு மாதம் காத்திருந்த பிறகு, இரண்டையும் ஒத்துப்போகச் செய்ய அடாப்டர்கள் வந்தன. ஒவ்வொன்றும் இரண்டு தீப்பெட்டிகளை அடுக்கி வைத்த அளவில் ஓர் அலுமினியப் பெட்டி. மிதவையின் கம்பி ஒரு பக்கம் நுழையும், மீட்டருக்குப் போகும் கம்பி மறுபக்கம் வெளியேறும். பெட்டியின் தலையில் இரண்டு சின்னத் திருகுகள். ஒன்று முள்ளைக் காலியில் நிறுத்த, மற்றது நிறைவில் நிறுத்த.

அந்தத் திருகுகளைத்தான் போர்மேன் அவளிடம் கொடுத்தார். அவற்றைத் திருப்ப வேண்டிய சின்ன ஸ்குரூ டிரைவர் என் கருவிப் பெட்டியில்தான் இருந்தது. அதையும் வாங்கிக் கொடுத்தார்.

அவள் பாலக்காட்டுக்காரி. பல தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். அப்பா இன்ஜினீயர். பெரியப்பா கல்லூரியில் கணக்கு வாத்தியார். அத்தைகூட பி.ஏ. படித்தவராம். படிப்பு அவர்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர் மாதிரி, திறந்தால் வரும். அவள் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, குமுளியில் உத்தியோகத்தில் இருந்த மாமா வீட்டில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

நான் ஆனைக்கரை. அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிறவள். அப்பா வண்டன்மேட்டில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, ஊரிலிருந்து கடிதம் வந்தால் கடைக்காரரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்வார்கள். அவர் சாவுச் செய்தியையும் சரக்குக் கட்டிக்கொண்டே படிப்பார். நான் ஐந்தாம் வகுப்புக்குப் போனபிறகு எல்லாக் கடிதமும் என்னிடம் வந்தது. பத்தாவது முடித்து, தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டு வருஷம். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். காய் எடுக்கும் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும், "நான் இந்தக் கூடையை இடுப்பில் கட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள். வேலை கிடைக்காமல் திரும்பினால் கூடையை மட்டுமல்ல, அந்தப் பேச்சையும் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும்.

அவள் மேல் எனக்குப் பொறாமை. இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவள் மத்தியானம் திறக்கும் தயிர்சாத டப்பாவைப் பார்த்தால் பொறாமை. அதன் ஓரத்தில் இருக்கும் வடுமாங்காயை, "எடுத்துக்கோயேன், முதலமடையிலேருந்து வந்ததாக்கும்" என்று நீட்டும்போது இன்னும் பொறாமை. ஆங்கிலத்தில் வந்த குறிப்புத் தாளை நான் அகராதியோடு இரண்டு நாள் படித்தேன். அவள் படகின் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே கடைசி வரி வரை படித்து, மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். ஓட்டுநர்கள் அவளை "அம்மா" என்றார்கள், என்னை "ஏத்தா" என்றார்கள். அவள் என்னை முதல் நாளிலிருந்தே "நீ" என்றாள், தோழியை அழைப்பதுபோல. எனக்கு அவளிடம் "நீங்க"தான் வந்தது. மாற்ற முயன்றேன். வாய் வரவில்லை.

முதல் படகில் மிதவையைப் பொருத்தும் வேலையை நான் ஒரே நாளில் முடித்தேன். தொட்டி பின் இருக்கைக்கு அடியில் படகின் குறுக்கே கிடந்தது. மேல்பக்கம் அகலம், அடிப்பக்கம் ஒடுக்கம். அதன் மேல் தகட்டில் இடது ஓரமாக, உள்ளே கழுவுவதற்காக ஒரு துளை ஏற்கெனவே இருந்தது. வட்டத் தகடு போட்டு மூடியிருந்தார்கள். மிதவையோடு வந்த வளையம் அந்தத் துளைக்கு அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. புதிதாகத் துளை போட வேண்டாம், தீப்பொறிக்குப் பயப்பட வேண்டாம். கார்க் தாளை வெட்டி அடியில் வைத்து, ஆறு நட்டையும் எதிரெதிராக முடுக்கினேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. கம்பியைப் பலகைக்குள் மறைத்து ஓட்டுநரின் இடம் வரை கொண்டுபோனேன்.

போர்மேன் விரலால் வளையத்தைத் தடவிப் பார்த்து, "கை சுத்தம்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் அவள் சாப்பிடப் போன நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். தொட்டி காலியாக இருந்தது. காலிக்கான திருகைத் திருப்பினேன். முள் நகர்ந்து காலியில் வந்து நின்றது. இவ்வளவுதானா என்றிருந்தது. தொட்டி நிறைந்தால் மிதவை எங்கே இருக்குமோ அங்கே கையால் தூக்கிப் பிடிக்க, மேல் நட்டைத் தளர்த்தி ஒரு கம்பியை உள்ளே விட்டேன். நிறைவுக்கான திருகைத் திருப்பி முள்ளை மேலே நிறுத்தினேன். மிதவையை விட்டதும் முள் இறங்கியது, ஆனால் காலிக்கு வரவில்லை. கால்வாசியிலேயே நின்றது. காலித் திருகை மறுபடி சரிசெய்தால் நிறைவு கெட்டது. பெட்டிதான் பழுது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, திருகுகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, நட்டையும் முடுக்கிவிட்டு இறங்கினேன். பெட்டி பழுதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவள் வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு காலித் திருகைத் திருப்பினாள். டீசலைக் கேன் கேனாக அளந்து ஊற்றச் சொன்னாள். ஊற்றியது நான். நிறைந்ததும் மற்றத் திருகு. பிறகு எல்லாவற்றையும் வடிக்கச் சொன்னாள். முள் காலிக்கு வரவில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஒண்ணைத் தொட்டா மத்தது கொஞ்சம் நகரும், கேட்டயா? மூணு தடவை மாத்தி மாத்திப் பண்ணினா அடங்கிடும்."

"அப்படின்னு தாள்ல போட்டிருக்கா?"

"தாள்ல ஒண்ணும் இல்லை. ஆனா அப்படித்தானே இருக்கணும்?"

மூன்று தடவை ஊற்றினோம், மூன்று தடவை வடித்தோம். ஒவ்வொரு தடவையும் தவறு பாதியாகக் குறைந்தது. மூன்றாம் தடவை முள் இரண்டு முனையிலும் போய் நின்றது. நான் விட்ட இடத்திலிருந்து இன்னும் இரண்டு தடவை திருப்பியிருந்தால் எனக்கும் நின்றிருக்கும். அதுதான் எரிந்தது. தெரியாமல் தோற்றிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது. நான் பெட்டியைச் சந்தேகித்தேன். அவளுக்குத் தன்மேல் சந்தேகமே வரவில்லை.

அதோடு விட்டாளா? தொட்டியின் அடி ஒடுக்கம் என்பதால் முள் பாதியில் நின்றால் டீசல் பாதி இருக்காது என்று சொல்லி, மறுபடி கேன் கேனாக ஊற்றவைத்து, முள் நிற்கும் இடத்தையெல்லாம் குறித்து, ஓர் அட்டையில் அச்சடித்ததுபோல் எழுதினாள். முள் இங்கே நின்றால் இத்தனை லிட்டர், இத்தனை நேரம் ஓடும் என்று மலையாளத்திலும் தமிழிலும். போர்மேன் அட்டையை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் முறையும் படித்தார்.

"இது வேலை" என்றார்.

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது.

"ஏன்டி மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? அந்தப் பிள்ள உன் சோத்தப் பறிச்சாளா?"

"பறிக்கப் போறா."

"கேட்டுட்டுப் பறிப்பா போலயே. தெனமும் மாங்கா குடுக்கான்னு சொன்ன."

"உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"ஆமா, எனக்கு என்னத்தத் தெரியும். நீதான் படிச்சவ" என்று அம்மா கிழங்கை வடித்தாள். அவள் கேலிக்குத்தான் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தையை எனக்குக் கேலியாக எடுத்துக்கொள்ளத் தெரியவில்லை.

மறுநாள் ஆட்களை ஏற்றி முதல் ஓட்டம். அவள் பட்டறையில் அட்டைக்கு இன்னொரு பிரதி எழுதிக்கொண்டிருந்தாள். முள்ளைக் கவனித்துவரப் போர்மேன் என்னை அனுப்பினார். நான் ஓட்டுநருக்குப் பின்னால் நின்றேன். அவர் கம்பம் பக்கத்து ஆள். பேச்சு அதிகம், கை நிதானம். தண்ணீரில் மூழ்கிச் செத்த மரங்களின் கட்டைகளுக்கு நடுவே படகைச் செருப்பு மாட்டுவதுபோல் நுழைப்பார்.

ஒரு மணி நேரம் முள் அட்டை சொன்னபடியே இறங்கியது. பாதிக்குக் கொஞ்சம் கீழே வந்தபோது இடது கரையில் யானைகள். நான்கு பெரியவை, ஒரு குட்டி. யாரோ "அந்தா" என்றதும் வலப்பக்கம் இருந்த அத்தனை பேரும் எழுந்து இடப்பக்கம் பாய்ந்தார்கள். இது எல்லா ஓட்டத்திலும் நடப்பது. உட்காருங்கள் என்று கத்திப் பயனில்லை. படகு இடப்பக்கம் சாய்ந்தது.

முள் ஏறியது. பாதியைத் தாண்டி, முக்காலை நெருங்கி நின்றது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. படகு சாய்ந்தால் டீசலும் சாயும். மிதவை இடது ஓரத்தில் இருக்கிறது. டீசல் அங்கே கூடினால் மிதவை ஏறும். கரையில் கட்டிய, ஆளில்லாத படகில்தான் நாங்கள் அத்தனை கேனையும் ஊற்றி அளந்தோம். அந்த அட்டை, யானை வராத ஏரிக்கு எழுதிய அட்டை. அதைவிட மோசம் ஒன்று இருந்தது. ஓட்டுநர் முள்ளைப் பார்ப்பதே அந்த நேரத்தில்தான். யானை கண்ணில் பட்டதும், இன்னும் உள்ளே போகலாமா, நின்று காட்டலாமா என்று முடிவுசெய்ய அவர் அதைத்தான் பார்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்து முள் பொய் சொல்லும்.

அன்று தொட்டியில் போதுமான டீசல் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆட்கள் உட்கார்ந்ததும் முள் தன் இடத்துக்கு இறங்கியது. ஓட்டுநர் கவனிக்கவில்லை.

கரைக்கு வந்ததும் போர்மேன் கேட்டார். "என்ன பிள்ள, முள்ளு எப்பிடி?"

அவர் கையில் அந்த அட்டை இருந்தது. விளிம்பில் துளை போட்டு நூல் கோத்திருந்தார், ஓட்டுநர் பக்கத்தில் தொங்கவிட.

"நல்லா இருக்குங்கய்யா" என்றேன்.

ஏன் சொன்னேன் என்பது எனக்கு அப்போதே தெரியும். முள் தவறினால் அது அவள் முள். அட்டை தவறினால் அவள் அட்டை. துளையைத் தேர்ந்தெடுத்தது யார் என்ற பக்கமே மனதை விடவில்லை. விட்டால் என்ன வரும் என்று தெரிந்தவள்போல அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. நான்காம் நாள் பிற்பகல் ஓட்டத்துக்கு இருவரையும் போகச் சொன்னார்கள். ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் கூட்டமாக வந்திருந்தார்கள். படகு நிறைந்திருந்தது. மழை எப்போது வேண்டுமானாலும் வரும் என்பதுபோல் மலைக்கு மேல் கறுத்திருந்தது. காலை ஓட்டத்துக்குப் பிறகு டீசல் ஊற்றவில்லை. முள்தான் இருக்கிறதே என்று ஓட்டுநர் குச்சியையும் விட்டுப் பார்க்கவில்லை.

இடது கரையில் யானைகள். அன்று பெரிய கூட்டம். கரையோரமாகவே நடந்து ஏரியின் குறுகலான கிளை ஒன்றை ஒட்டி உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஆசிரியைகள் எல்லோரும் இடப்பக்கம். ஓட்டுநர் முள்ளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார்.

"அரைக்கு மேல நிக்கிது. உள்ள போய்க் காட்டுவமா?" என்று பொதுவாகக் கேட்டார்.

ஆசிரியைகள் போகலாம் என்றார்கள். பாலக்காட்டுக்காரி புன்னகையோடு அட்டையைத் தொட்டு, "தாராளமா போகலாம், நேரம் இருக்கு" என்றாள். ஓட்டுநர் என்னையும் பார்த்தார். நான் குட்டியானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போய்த் திரும்பும்போது யானைகள் வலப்பக்கம் ஆகிவிட்டன. கூட்டமும் வலப்பக்கம் போனது. முள் சரசரவென்று இறங்கிக் காலியில் விழுந்தது. ஓட்டுநர் மீட்டரின் கண்ணாடியை விரலால் தட்டினார். இரண்டாம் தட்டுக்கு இன்ஜின் இருமியது. பிறகு நின்றுவிட்டது.

இன்ஜின் சத்தம் நின்றால் அந்த ஏரி எவ்வளவு பெரியதென்று தெரியும். படகு மெல்லத் திரும்பி ஒரு மரக்கட்டையில் உரசி நின்றது. ஓட்டுநர் ஆட்களை எழுப்பி, பலகையைத் தூக்கிக் குச்சியை விட்டார். நுனி மட்டும் நனைந்திருந்தது. யாரும் கத்தவில்லை. ஓர் ஆசிரியை மட்டும், "படகு விடுறீங்களே, எண்ணெய் பாக்க மாட்டீங்களா?" என்றார். மழை தூறத் தொடங்கியது.

பாலக்காட்டுக்காரி மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஆசிரியைகளிடம், "ஒரு உபகாரம் பண்ணணும். எல்லாரும் ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் வந்து நில்லுங்கோ" என்றாள். அவர்கள் இடப்பக்கம் வந்தார்கள். காலியில் கிடந்த முள் சற்று எழுந்தது. வலப்பக்கம் போகச் சொன்னாள். விழுந்தது.

அவள் திரும்பி எல்லோரையும் பார்த்துச் சொன்னாள். "தப்பு என்னோடதாக்கும். இந்த மீட்டரைச் சரிபார்த்தது நான்தான். காலிப் படகுல பார்த்தேன். ஆள் ஏறினா சாயும்னு யோசிக்கலை. நீங்க மழையில நிக்கிறது என்னாலதான்."

குரலில் நடுக்கமில்லை. முகம் சிவக்கவில்லை. தெரியாத முப்பது பேருக்கு முன்னால், மழையில், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு அவளால் நேராக நிற்க முடிந்தது. எண்ணெய் பார்க்க மாட்டீர்களா என்று கேட்ட ஆசிரியையே, "பரவாயில்லம்மா, சின்னப் பொண்ணு" என்று தன் குடைக்குள் அவளை இழுத்துக்கொண்டார்.

அதுவரை நான் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமில்லை என்று அப்போது தெரிந்தது. டப்பாவும் ஆங்கிலமும் அட்டையும் என்ன பெரிய விஷயம். ஒரு தவறைச் செய்துவிட்டு அதன்மேல் ஏறி நிற்கும் அந்தத் தைரியத்தை நான் எங்கே போய் வாங்குவேன்? நான் தவறினால் தவறுவது நான் மட்டுமல்ல. அம்மா தவறுவாள், லயம் தவறும். இதுக்குத்தான் பொட்டப்பிள்ளையைப் படிக்க வைத்தீர்களா என்று கடைக்காரர் சரக்குக் கட்டிக்கொண்டே கேட்பார். அவள் தவறினால் ஓர் அட்டை தவறும். வேறொன்று எழுதிக்கொள்வாள்.

ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு படகு வந்து டீசல் கேனைக் கொடுத்தது. ஊற்றினால் மட்டும் இன்ஜின் கிளம்பாது. வெறுங்குழாயில் காற்றுப் பிடித்திருக்கும். நான் இன்ஜின் பள்ளத்துக்குள் இறங்கிக் குழாயின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, கையால் பம்ப் அடித்து, நுரை போய் டீசல் மட்டும் வரும்வரை காற்றை வெளியேற்றினேன். மூன்றாம் முயற்சியில் இன்ஜின் எடுத்தது. ஓட்டுநர், "கைகாரிதான் ஏத்தா நீ" என்றார். அந்தப் பாராட்டை அன்று எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

போர்மேன் கரையில் நனைந்துகொண்டு நின்றார். ஆசிரியைகளை ஒவ்வொருவராகக் கைகொடுத்து இறக்கிவிட்டார். பிறகு என்னிடம்தான் முதலில் வந்தார்.

"முத ஓட்டத்துல நீதான போன? அப்ப முள்ளு ஆடலையா?"

"தெரியலைங்கய்யா."

"தெரியலையா, பாக்கலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் நடுவில் வந்தாள். "அவளை எதுக்குக் கேக்கறேள்? அவளுக்கு எப்படித் தெரியும்? அட்டை எழுதினது நானாக்கும்."

போர்மேன் அவள் பக்கம் திரும்பினார். "எம்புட்டுப் படிச்சு என்ன" என்று முணுமுணுத்தார். பிறகு என் பக்கம் தலையை ஆட்டி, "மாட்டினது வரைக்கும் இந்தப் பிள்ள வேலையில ஒரு குத்தம் இல்ல. நாளைக்கு அறிக்கைய எழுதிருதேன்" என்று உள்ளே போனார்.

நான் ஜெயித்துவிட்டேன். ஐந்து மாதமாகக் கேட்க ஆசைப்பட்டது அதைத்தான்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவளும் கூட நின்றாள். புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"வருத்தமா இருக்கா?" என்று கேட்டேன். கேட்டதில் வருத்தம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"சாரமில்லை, போனாப் போறது. அப்பா வேற எங்கயாவது பாத்துத் தருவார். ஆனா ஒரு பாடம் படிச்சேன், அது போறும்." தலைப்பை உதறிக்கொண்டு, "உனக்குக் கிடைச்சது நன்னாயிடுத்து. உன் அளவு நன்னா வேலை செய்யறவா இங்க யாரும் இல்லை" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஆனைக்கரை வரும்வரை அதே நினைப்பு. வேலையை அவள் சாரமில்லை என்று விட்டுவிட்டாள். சரி. ஆனால் அந்தத் தவறு? அதை எப்படி அவள் எடுத்துக்கொண்டு போகலாம்? இடது ஓரத்துத் துளை நான் தேர்ந்தெடுத்தது. ஒரு நாள் கூடுதல் வேலைக்குச் சோம்பி, கையில் கிடைத்த துளையில் மிதவையை இறக்கியவள் நான். நடுவில் துளை போட்டு அதில் இறக்கியிருந்தால் படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் முள் இவ்வளவு துள்ளியிருக்காது. அதைக் கண்ணால் பார்த்து விளங்கிக்கொண்டதும் நான்தான், அவளுக்கு நான்கு நாள் முந்தி. அவளுக்கு விளங்க ஒரு படகு ஆட்கள் நனைய வேண்டியிருந்தது. எனக்கு ஒரு யானைக் கூட்டம் போதுமாக இருந்தது. முதலில் கண்டுபிடித்தவள் நான் என்று சொல்ல வேண்டுமானால், மறைத்தவளும் நான் என்று சொல்ல வேண்டும். ஒன்றை விட்டு மற்றதைச் சொல்ல வழியில்லை.

இதை நேர்மை என்று நான் சொல்லமாட்டேன். பஸ்ஸில் இருந்தது நேர்மை இல்லை, பொறாமைதான். எனக்கு உரியதை அவள் தன் பெயரில் எழுதிக்கொண்டு, குடைக்குள் நின்று, பாடம் படித்தேன் என்று சிரிக்கிறாள். அவளிடம் எல்லாம் இருக்கிறது. என் தவறும் வேண்டுமா அவளுக்கு?

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். ஏரியின்மேல் மூட்டம் இன்னும் எழவில்லை. போர்மேனின் அறையைக் காவற்காரர் திறந்து கூட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் எழுதுவது பட்டறை வழக்கம். அந்தத் தாளை எடுத்து, பொருத்தியவர் என்ற இடத்துக்குக் கீழே எழுதினேன். மிதவைக்கு இடது ஓரத் துளையைத் தேர்ந்தெடுத்தது நான். அது தவறான இடம். ஆட்கள் ஒரு பக்கம் கூடினால் முள் தவறுவதை முதல் ஓட்டத்திலேயே பார்த்தேன். கேட்டபோது சொல்லவில்லை. அட்டையில் எழுதியிருக்கும் கணக்கு சரி. மிதவையைத் தொட்டியின் நடுவுக்கு மாற்ற வேண்டும். மற்ற மூன்று படகுக்கும் அப்படியே.

கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அன்றும் அழகாகத்தான் இருந்தது. தாளை மேசை நடுவில் வைத்து, காற்றில் பறக்காமல் அதன்மேல் பழைய பேரிங் ஒன்றைத் தூக்கி வைத்தேன்.

அவர் எட்டரைக்கு வருவார். படித்துவிட்டு அறிக்கையில் யார் பெயரை எழுதுவார் என்று யோசித்துக்கொண்டு கரையில் நிற்க எனக்குப் பொறுமை இல்லை. அவர் ஜீப் சத்தம் கேட்டபோது நான் படகின் பின் இருக்கைப் பலகையைத் தூக்கி, ஆறு நட்டில் நான்கைக் கழற்றி, தொட்டியின் நடுவில் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தேன்.